15 லட்சத்தோடு தீர்ந்துபோகும் குற்றம்: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் சென்றிருக்கும் ஐம்பத்தேழு உறுப்பினர்களுக்கு,

2023 ஜூலை 27 அன்று மக்களவை ஜன் விஷ்வாஸ் சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. 42 சட்டங்களில் இருந்த 183 விதிகளை ஒரே மூச்சில் திருத்திய சட்டம் அது. மணிப்பூர் தொடர்பான அமளி ஓயாத அவையில், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அதனால் உங்களில் அன்று அவையில் இருந்தவர்களில் யார் ஆதரித்தீர்கள், யார் எதிர்த்தீர்கள் என்று ஏட்டைப் புரட்டித் தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. அடுத்த ஆறு நாட்களில் மாநிலங்களவையும் ஒப்புதல் தந்துவிட்டது.

அப்படித் திருத்தப்பட்டவற்றில் ஒன்று 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம். போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு, இன்னொரு முறை அப்படி நடக்கக்கூடாது என்று இந்த நாடு இயற்றிக்கொண்ட சட்டம். அதன் 15ஆம் பிரிவு, சட்டத்தை மீறுபவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்றது. தண்டிக்கப்பட்ட பிறகும் மீறல் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்தால் ஏழாண்டு வரை. 2024 ஏப்ரல் 1 முதல் அந்தச் சிறைத் தண்டனை இல்லை. அதற்குப் பதிலாக 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீறியது ஒரு நிறுவனம் என்றால் கீழ்வரம்பு ஒரு லட்சமாகிறது. உச்சவரம்பு அதே 15 லட்சம். அந்த அபராதத்தை 90 நாட்களுக்குள் கட்டத் தவறினால்தான் சிறை என்ற சொல்லே வருகிறது. இந்தச் சட்டத்தில், ஏரியில் அமிலத்தைக் கலந்தவருக்குச் சிறை கிடையாது, கலந்ததற்கான அபராதத்தைக் கட்டாதவருக்கு உண்டு. இந்த வாக்கியத்தை உங்கள் தொகுதியில் எந்த விவசாயியிடமாவது, எந்த மீனவரிடமாவது சொல்லிப் பாருங்கள். அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்க வேண்டும்.

காற்று மாசுத் தடுப்புச் சட்டத்துக்கும் இதே கதி நேர்ந்தது. 2024 பிப்ரவரியில் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் அதே பாதையில் திருத்தப்பட்டது.

நான் ஒரு ரசாயன ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பல ஆண்டுகள் ஷிப்ட் கெமிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆலையின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இந்த மடல் அந்த ஒரு ஆலையைப் பற்றியதாகச் சுருங்கிவிடும். ஓய்வுக்குப் பிறகு என்னைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரின் ஆய்வறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள எண்களுக்கு என்ன பொருள் என்று கேட்பவர்கள். அண்மையில் அப்படி ஒரு ஆலையின் கீழ்ப்புறத்து விவசாயிகள் சிலர் வந்தார்கள். மாதிரிகளைப் பார்த்தேன். நீரில் கரைந்த உப்பின் அளவும் அமிலத்தன்மையும், அது மழைநீரோ ஊற்றுநீரோ அல்ல, ஆலையின் கழிவுநீர்தான் என்று சொல்லாமல் சொல்லின. மாவட்டத்து அலுவலகங்களுக்கு அவர்கள் ஏற்கெனவே நடந்து ஓய்ந்திருந்தார்கள்.

1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எனக்கு நினைவிருந்தது. அரசு வழக்குத் தொடராவிட்டால், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, குடிமக்கள் தாங்களே குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம் என்ற பிரிவு. அந்த நம்பிக்கையில் அவர்களை ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துப் போனேன். அவர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். பிரிவு இருக்கிறது. அதை வைத்து வழக்குப் போடுவதற்கான குற்றம்தான் இல்லை. கழிவுநீரை வெளியே விடுவது இந்தச் சட்டத்தின் கீழ் இப்போது நீதிபதி முன் நிற்க வேண்டிய குற்றமாக இல்லாமல், மத்திய அரசின் இணைச் செயலாளர் அல்லது மாநில அரசின் செயலாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் விசாரித்து அபராதம் விதிக்கும் விவகாரமாகிவிட்டது. அந்த விவசாயிகளில் வயதில் மூத்தவர் வழக்கறிஞரிடம், “அப்படியென்றால் அவர்கள் பணம் கட்டிவிட்டுக் கழிவுநீரை விடலாம், அப்படித்தானே?” என்று கேட்டார். இந்த மடலை எழுத உட்கார்ந்தது அந்தக் கேள்வியால்தான்.

பணம் கட்டிவிட்டு விடலாம். கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

15 லட்சம் உச்ச அபராதம். நிறுவனத்தின் மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு மேலும் ஒரு லட்சம் ரூபாய். ஓராண்டில் ஒரு நிறுவனத்தின் மீறல் முப்பது நாட்களுக்கு நிரூபணமாகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதிகாரி கொஞ்சமும் இரக்கம் காட்டாமல் உச்சத் தொகையை விதிக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். 15 லட்சமும் 30 லட்சமும் சேர்ந்து 45 லட்சம். நான் வேலை பார்த்தது நடுத்தர ஆலை. அங்கே கழிவுநீரைச் சமன்படுத்தி, கசடைப் பிரித்து, சவ்வு வழியே செலுத்தி, மிஞ்சியதை ஆவியாக்கி முடிக்க ஆகும் நீராவி, மின்சாரம், ரசாயனச் செலவு மட்டுமே சில மாதங்களில் இந்தத் தொகையைத் தாண்டிவிடும். ஆவியாக்கியை நிறுத்தி வைத்துவிட்டு இரவில் மழைநீர்க் கால்வாய் வழியாகத் திறந்துவிடும் ஆலைக்கு, இந்த அபராதத்தைக் கட்டிய பிறகும் லாபம் நிற்கும். சட்டத்தை வரைந்தவர்கள் ஒரு கழிவுநீர் நிலையத்தின் மின்கட்டண ரசீதையாவது வாங்கிப் பார்த்தார்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

முன்பு அபராதம் ஒரு லட்சம்தானே இருந்தது, அது 15 லட்சமாக உயர்ந்திருக்கிறதே என்று சொல்வார்கள். உயர்ந்தது உண்மை. ஆனால் முன்பு அந்த ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் சிறை இருந்தது. ஓர் ஆலையின் இயக்குநர் அஞ்சியது லட்சத்துக்கு அல்ல. அபராதம் நிறுவனத்தின் கணக்கிலிருந்து போகும். சிறைக்கு அவர் தன் உடம்பைக் கொண்டு போயாக வேண்டும். இந்த வேறுபாட்டை ஆலைக்குள் இருந்தவர்கள் அறிவோம். மாசுக் கட்டுப்பாட்டு “வாரியத்திலிருந்து வருகிறார்கள்” என்ற செய்தி வந்ததும் அதுவரை உறங்கிக் கிடந்த பம்புகள் ஓடத் தொடங்கும் என்பதையும், ஆன்லைன் கண்காணிப்புக் கருவியின் உணரியை நல்ல தண்ணீர் நிறைந்த வாளிக்குள் இறக்கி வைக்கும் இடங்கள் உண்டு என்பதையும் இந்தத் தொழிலில் இருந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது வழக்கம். இத்தனைக்கும் நடுவில், எங்கள் மேலாளர்களின் குரல் உண்மையாகவே தாழ்ந்த தருணங்கள் எல்லாம், யாராவது “இது இயக்குநர் பெயரில் கேஸ் ஆகிவிடும்” என்று சொன்ன தருணங்கள்தான்.

பழைய சட்டம் நன்றாகச் செயல்பட்டது என்று நான் வாதாட வரவில்லை. சிறை என்று எழுதியிருந்தும் சிறைக்குப் போனவர்கள் அரிது. வழக்குகள் இழுத்தன, ஆய்வாளர்கள் போதவில்லை, பெரிய நிறுவனங்களுக்குப் பெரிய வழக்கறிஞர்கள் இருந்தார்கள். செயல்படாத சட்டத்தைச் செயல்பட வைப்பதுதான் அரசின் வேலை. பல்லில்லாத சட்டம் என்று சொல்லி, மிச்சமிருந்த ஒரு பல்லையும் பிடுங்கியிருக்கிறார்கள்.

எங்கள் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். கழிவுநீர் சேகரிப்புத் தொட்டியின் உட்புறத்தில் அமிலம் தாங்கும் லைனிங் பெயரத் தொடங்கியது. அது பெயர்ந்தால் அமிலம் கான்கிரீட்டைத் தின்னும். தொட்டியின் வெளிச்சுவரில் ஈரக் கசிவு தெரிந்தது. ஷிப்ட் கெமிஸ்டுகள் அதை லாக் புத்தகத்தில் (அன்றாடப் பதிவேட்டில்) எழுதினோம், மெயின்டெனன்ஸ் பிரிவு பழுதுபார்க்கப் பணம் கேட்டு இன்டென்ட் (கோரிக்கைப் படிவம்) போட்டது. தொகை ஆலை மேலாளரின் அதிகார வரம்பைத் தாண்டியதால் தலைமை அலுவலகத்துக்குப் போனது. “அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கலாம்” என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அடுத்த நிதியாண்டிலும் போட்டோம். அதே குறிப்பு, வேறு கையெழுத்து. அதே ஆண்டில் புதிய உற்பத்திப் பிரிவு ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது; அதன் கழிவுநீரும் அதே தொட்டிக்குத்தான் வந்தது.

மழைக்காலத்தில் ஓர் இரவு சுவர் உடைந்தது. தொட்டியில் இருந்தது முழுவதும் மழைநீர்க் கால்வாயில் இறங்கி ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது. விடிந்தபோது மீன்கள் கரையோரம் வெள்ளையாக ஒதுங்கியிருந்தன. ஆடுமாடுகளைத் தண்ணீரிலிருந்து விரட்டிக்கொண்டே இருந்தார்கள் ஊர்க்காரர்கள். காவல் துறை வந்தது. அன்றிரவு பணியில் இருந்த ஷிப்ட் பொறுப்பாளரையும், வால்வுப் பக்கம் நின்ற ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரையும் அழைத்துப் போனார்கள். வழக்கில் எழுதப்பட்ட சொல் “கவனக்குறைவு”. நிறுவனத்தின் அறிக்கையில் இருந்த சொல் “மனிதப் பிழை”. திருப்பி அனுப்பப்பட்ட இன்டென்ட்களை யாரும் கேட்கவில்லை. அவற்றில் கையெழுத்துப் போட்டவர்கள் இருந்த நகரத்துக்கு எந்த விசாரணை அதிகாரியும் பயணம் செய்யவில்லை. அந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதன் பிறகு எங்கள் பகுதியில் எந்த ஆலையிலும் வேலை கிடைக்கவில்லை. ஏரிக்கரையில் நெல் போட்டவர்களுக்கு ஒரு போகம் போனது; மண் தேறப் பின்னும் நாளானது.

அந்தச் சுவரை உடைத்தது இன்டென்டைத் திருப்பி அனுப்பிய கையெழுத்து. அதை நிரூபிக்கத் தேவையான காகிதம் எல்லா ஆலைகளிலும் இருக்கிறது. லாக் புத்தகம், இன்டென்ட், பட்ஜெட் பட்டியல், மின்னஞ்சல். சட்டம் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். நம் நாட்டில் அது வால்வுக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கான சான்று.

போபாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 டிசம்பர் 2 இரவு ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியபோது, அந்தத் தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய குளிர்பதன அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம், குழாய் பழுதால் துண்டிக்கப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1982இல், அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் சொந்தப் பாதுகாப்பு ஆய்வுக் குழு அந்த ஆலையின் குறைகளை எழுத்தில் பட்டியலிட்டிருந்தது. இவை எதுவும் அன்றிரவு பணியில் இருந்த தொழிலாளி எடுத்த முடிவுகள் அல்ல. அந்தத் தாய் நிறுவனமான யூனியன் கார்பைடின் தலைவர் வாரன் ஆண்டர்சன் டிசம்பர் 7 அன்று போபாலில் கைது செய்யப்பட்டார், அன்றே பிணையில் வெளியே வந்தார், நாட்டை விட்டுப் போனார், 2014இல் இறக்கும் வரை இந்திய நீதிமன்றம் எதிலும் வந்து நிற்கவில்லை. இந்தியக் கிளையின் அதிகாரிகளுக்கு எதிரான குற்றச்சாட்டை 1996இல் உச்ச நீதிமன்றம் கவனக்குறைவால் ஏற்பட்ட மரணம் என்ற அளவுக்குக் குறைத்தது. 2010 ஜூனில், கால் நூற்றாண்டு கழித்து, இரண்டாண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது. அன்றே பிணையும் கிடைத்தது. ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு அங்கிருந்து வெளியேறியது 2025 பிறந்த பிறகுதான்.

போபால் பழங்கதை என்று யாரும் சொல்லாதிருக்க, விசாகப்பட்டினத்தையும் சொல்கிறேன். 2020 மே 7 அதிகாலை எல்ஜி பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்து 12 பேர் இறந்தார்கள். தொட்டியின் வெப்பம் கட்டுக்குள் வைக்கப்படவில்லை. அபாயச் சங்கு ஊதவில்லை. உறக்கத்திலிருந்தவர்கள் எழுந்து ஓடி வழியிலேயே விழுந்தார்கள். தன்னிடம் உரிய சுற்றுச்சூழல் அனுமதி இல்லை என்பதை அந்த நிறுவனமே முந்தைய ஆண்டு உறுதிமொழி ஆவணத்தில் எழுதிக் கொடுத்திருந்தது. ஒரு நிறுவனம் தன் மீறலைத் தானே எழுதிக் கொடுத்த பிறகும் ஆலை ஓடிக்கொண்டிருக்க முடிகிறது என்றால், அங்கே இல்லாமல் போனது தகவல் அல்ல, அச்சம். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு ஊர்கள், இரண்டு வாயுக்கள். குளிர்விப்பதிலும் எச்சரிப்பதிலும் அதே தவறு.

நம் கரைக்கு வருவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கருத்து, மீனவர்கள் தங்கள் கைகளாலேயே அதை அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி இரவு அதே எண்ணூரில், உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஜன் விஷ்வாஸ் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த இரண்டு நிகழ்வுகளுக்குப் பிறகாவது, நாம் எதைச் சட்டமாக்கியிருக்கிறோம் என்று உங்களில் எவரேனும் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

நீதிமன்றங்களை நம்பச் சொல்வீர்கள். நம்புகிறேன், ஆனால் அவற்றின் நாட்காட்டியையும் பார்க்கிறேன். ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்தில் சாயத் தொழிலுக்கான எச் அமிலம் தயாரித்த ஆலைகள் கிணறுகளைக் கெடுத்தன. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. மனு மேல் மனுவாகப் போட்டு, 2011 வரை அந்தத் தொகையைக் கட்டாமல் இழுத்தடிக்க நிறுவனத்தால் முடிந்தது. பாலாற்றுத் தோல் ஆலைகள் பற்றி அதே 1996இல் தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை பாதரசக் கழிவு விவகாரத்தில் 2001இல் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். பாதரசத்தோடு வேலை பார்த்த உடம்புக்குப் பதினைந்து ஆண்டு என்பது எவ்வளவு நீளம் என்பதை அந்தத் தொழிலாளர்களின் குடும்பங்களைக் கேளுங்கள்.

தொகையைப் பற்றியும் நீதிமன்றம் பேசியிருக்கிறது. டெல்லியில் 1985 டிசம்பரில் நடந்த ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், ஆபத்தான தொழிலை நடத்தும் நிறுவனம் விதிவிலக்கே இல்லாமல் முழுப் பொறுப்பேற்க வேண்டும் என்றும், நிறுவனம் எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு இழப்பீடும் பெரிதாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது பிறரைத் தடுக்கும் என்றும் 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013 ஏப்ரலில் தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கில் அந்த அளவுகோலைக் கையில் எடுத்து, நிறுவனத்தின் லாபத்தைக் கணக்கில் கொண்டு 100 கோடி ரூபாய் விதித்தது. அதற்குக் குறைவாக விதித்தால் தடுக்கும் ஆற்றல் இராது என்றது. 100 கோடி என்பது 15 லட்சத்தைப் போல அறுநூறு மடங்குக்கும் மேல். எது தடுக்கும், எது தடுக்காது என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொன்ன பிறகு, பத்தே ஆண்டில் நாடாளுமன்றம் இந்த எண்ணைத் தேர்ந்தது எப்படி?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 2022 ஜூலையில் சுற்றுச்சூழல் அமைச்சகம் கருத்துக் கேட்டு வெளியிட்ட முன்மொழிவில், சிறைத் தண்டனைக்குப் பதிலாக வர வேண்டிய அபராதம் 5 லட்சம் முதல் 5 கோடி வரை என்று இருந்தது. சட்டமானபோது அது 10,000 முதல் 15 லட்சம் ஆகியிருந்தது. யார் கேட்டு, எந்தக் கூட்டத்தில், என்ன காரணம் சொல்லி அது இப்படித் தேய்ந்தது? அரசுத் துறை ஒன்று சட்டத்தை மீறினால் அதன் தலைவருக்கு என்ன தண்டனை தெரியுமா? ஒரு மாத அடிப்படைச் சம்பளம்.

சிறு தவறுகளுக்கெல்லாம் சிறை என்ற அச்சம் தொழில் முனைவோரை முடக்குகிறது என்பது அரசு சொன்ன காரணம். அதில் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது. ஆண்டறிக்கையை நாள் தாழ்த்தி அனுப்பியவரைச் சிறையில் அடைக்க வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் படிவம் தாமதமானதையும், தெரிந்தே கழிவுநீரை ஏரியில் விட்டதையும் ஒரே பிரிவுக்குள் வைத்து இரண்டையும் சேர்த்து மன்னிப்பதற்கு என்ன நியாயம்? ஆலை நடத்துபவர்களிலும் நேர்மையானவர்கள் உண்டு. சுத்திகரிப்பு நிலையத்தை இரவும் பகலும் ஓட்டுபவர் தன் பொருளுக்கு வைக்கும் விலையில் அந்தச் செலவும் அடங்கியிருக்கிறது. பக்கத்து ஆலைக்காரர் அதைச் செய்யாமல் விலையைக் குறைக்கிறார். இந்தச் சட்டம் யாருக்கு உதவுகிறது என்று அந்த நேர்மையானவரிடம் கேட்டுப் பாருங்கள்.

தலைமையகத்தில் இருக்கும் இயக்குநருக்கு ஒவ்வொரு வால்வையும் பற்றித் தெரியுமா என்றும் கேட்பார்கள். தெரிய வேண்டியதில்லை. தன் மேசைக்கு வந்த இன்டென்ட் தெரிந்தால் போதும். தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய முயற்சி எடுத்தேன் என்றோ நிரூபித்தவருக்குத் தண்டனை இல்லை என்ற விலக்கு பழைய சட்டத்தின் 16ஆம் பிரிவிலேயே இருந்தது. நிரபராதிக்குக் கதவு திறந்தேதான் இருந்தது. தெரிந்திருந்தவர்களுக்கும் இப்போது அதைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

மேலே இருப்பவரைப் பிடிக்க முடியாது என்பதும் உண்மையல்ல. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 2010இல் அப்பர் பிக் பிராஞ்ச் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 29 பேர் இறந்தார்கள். அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி டான் பிளாங்கன்ஷிப், பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்த குற்றத்துக்காக 2016இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அவருக்கு எதிராக நின்ற சான்றுகளில் அவருடைய சொந்தக் குறிப்புகளும் அவரே பதிவுசெய்து வைத்திருந்த தொலைபேசி உரையாடல்களும் இருந்தன. இருபத்தொன்பது உயிர்களுக்கு ஓராண்டு என்பது போதாது. ஆனால் காகிதம் மேலே ஏறும் என்பது அங்கே நிரூபணமானது. அதே 2010இல் அதே நாட்டில் நடந்த மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கிணறு விபத்தில், பதினொரு பேரின் மரணத்துக்கு பிபி நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு நானூறு கோடி டாலர் கட்டியது. சிறைக்குப் போனவர் ஒருவரும் இல்லை. ஆக, எந்த வழியில் நடப்பது என்பது சட்டம் இயற்றுபவர்கள் கையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தன் சுற்றுச்சூழல் குற்றச் சட்டத்தை இறுக்கியது. கடுமையான குற்றங்களுக்கு நிறுவனத்தின் உலகளாவிய விற்றுமுதலில் 5 சதவீதமோ, அல்லது நான்கு கோடி யூரோவோ வரை அபராதம் விதிக்க உறுப்பு நாடுகள் வழிசெய்ய வேண்டும் என்றது. அதே 2024இல்தான் நம் 15 லட்சம் நடைமுறைக்கு வந்தது.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலில், வரும் கூட்டத்தொடரிலேயே எழுத்துப்பூர்வமான கேள்வி ஒன்றை அனுப்புங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் இன்று வரை, புதிய 15ஆம் பிரிவின் கீழ் எத்தனை நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது, எவ்வளவு விதிக்கப்பட்டு எவ்வளவு வசூலானது, சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதிக்குப் போன அந்தப் பணத்தில் பாதிக்கப்பட்ட மக்களுக்குச் செலவானது எவ்வளவு, 5 கோடி என்ற முன்மொழிவு 15 லட்சமானது எந்தப் பரிந்துரையால் என்று கேளுங்கள். இதற்குக் கட்சிகளுக்கிடையே உடன்பாடோ பெரும்பான்மையோ தேவையில்லை. உங்களில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

அடுத்து, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தத் தனிநபர் மசோதா கொண்டுவாருங்கள். தெரிந்தே செய்த மீறலுக்கும், உயிருக்கோ நீருக்கோ மண்ணுக்கோ பெருங்கேடு விளைவித்த மீறலுக்கும் சிறைத் தண்டனை திரும்ப வர வேண்டும். படிவத் தவறுகளுக்கு அபராதம் போதும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். அபராதத்தின் உச்சவரம்பு ரூபாயில் இருக்கக்கூடாது. நிறுவனத்தின் விற்றுமுதலில் இத்தனை சதவீதம் என்று இருக்க வேண்டும், மீறியதால் மிச்சப்படுத்திய செலவுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். குடிமக்கள் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து நீதிமன்றம் போகும் உரிமைக்கு மறுபடியும் உயிர் கொடுங்கள்.

அதே மசோதாவில், ஆபத்தான தொழில் நடத்தும் ஒவ்வொரு ஆலையும் இயங்க வாரியம் தரும் இசைவாணையிலும் பாதுகாப்புச் செலவுக்குப் பொறுப்பான இயக்குநர் ஒருவரின் பெயர் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். பாதுகாப்புக்காக ஆலையிலிருந்து போகும் ஒவ்வொரு இன்டென்டும் அதை ஏற்றவர் அல்லது மறுத்தவர் பெயரோடு அழியாமல் பாதுகாக்கப்பட வேண்டும். விபத்து நடந்தால் விசாரணை அந்தக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும். அதை அழிப்பது தனிக் குற்றமாக வேண்டும். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. நாங்கள் அவற்றையெல்லாம் எழுதிக்கொண்டேதான் இருந்தோம்.

ஆலைக்குள் இருந்து உண்மையைச் சொல்லும் தொழிலாளிக்குப் பாதுகாப்புக் கொடுங்கள். 2014இல் நிறைவேறிய தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்குத்தான். தனியார் ஆலையில் லாக் புத்தகம் எழுதும் ஒருவருக்கு அதில் இடமில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து அவருக்கு இடம் கொடுங்கள்.

இவற்றில் எது வாக்கெடுப்புக்கு வந்தாலும், பெயர் பதிவாகும்படி பிரிவு வாக்கெடுப்பு வேண்டும் என்று எழுந்து கேளுங்கள். நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை எங்களுக்கு இருக்கிறது.

கேள்வியை அனுப்பிய உறுப்பினர் அதன் எண்ணையும் தேதியையும் பொதுவெளியில் அறிவிக்க வேண்டுகிறேன். அனுப்ப விருப்பமில்லாதவர்கள் அதற்கான காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டுகிறேன். கூட்டத்தொடர் முடிந்ததும் ஐம்பத்தேழு பெயர்களையும் பட்டியலிட்டு, யார் என்ன செய்தார் என்று கீழ்ப்புறத்து ஊர்களில் வாசித்துக் காட்டப் போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய ஊழியர் ஒருவர்